கடைசியாகக் கூவிய பெயர்

குலசிங்கம் சேட்டுக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தபோதுதான் மனைவி அம்பிகை அதைக் கேட்டாள்.

"திங்கக்கிழமை ஒப்பரேசன். அதுக்கு முதல் ஒருக்கா என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோவன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. கலியாணம் முடித்த நாள் தொடக்கம் அவளைக் கூப்பிடுவது 'இஞ்சாரும்' என்றுதான். ஊரில் மற்ற ஆம்பிளைகளும் அப்படித்தான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மற்றவர்கள் கூடைப்பந்து வர்ணனையாளர்கள் இல்லையே. சரவணை மைதானத்தில் முப்பது வருசத்துக்கு மேலாக விளையாடிப்போன பெடியன்கள் அத்தனை பேரின் பெயரையும் ஒலிபெருக்கியில் கூவியவர் இவர். பெற்ற தகப்பன்கூட சிலரை அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டிருக்கமாட்டான். அந்தக் குரல்வளையில்தான் புற்று. திங்கட்கிழமை அதை எடுத்துவிடுவார்கள்.

"ஆட்டம் முடிஞ்சு வந்து சொல்லுறன். நீர் யோசியாதையும்."

"அரைவாசியோட வந்திடுங்கோ. டொக்டர் கத்தவேண்டாம் எண்டவர்."

மைதானத்தில் அரைவாசியோடு எழும்பத்தான் நினைத்தார். ஒலிபெருக்கிக்கார அன்ரனிதாஸும் கையை நீட்டினான். "காணும் அண்ணை, மைக்கைத் தாங்கோ." ஆனால் மண்கும்பான் அணி பின்தங்கிக் கிடந்து ஏறி வந்துகொண்டிருந்தது. மைக் கையில் இருந்தால் குலசிங்கத்துக்கு வீடு ஞாபகம் வராது. அது அம்பிகைக்கு நன்றாகத் தெரிந்த பழைய வியாதி. ஆட்டம் சமநிலையில் முடிந்து மேலதிக நேரத்துக்குப் போனது. தொண்டை எரிந்தது. ஒரு பெயருக்கு மட்டும் மிச்சம் வைக்கவேண்டும் என்று ஒருதரம் நினைத்தார். அதற்குள் மண்கும்பான் பெடியன் கீர்த்திகன் தூரத்தில் நின்று பந்தை எறிந்துவிட்டான்.

"கீர்த்தி..."

பந்து கூடைக்குள் விழுந்தது. சனம் மைதானத்துக்குள் ஓடியது. குலசிங்கத்தின் வாய் அசைந்துகொண்டேயிருந்தது. அன்ரனிதாஸ் குனிந்து வயரை இழுத்துப் பார்த்தான், பெட்டியைத் தட்டிப் பார்த்தான்.

"வயர் சரியாத்தான் கிடக்கு அண்ணை," என்று நிமிர்ந்தவன் அவருடைய முகத்தைப் பார்த்ததும் மைக்கை மெல்ல வாங்கி வைத்தான்.

வீட்டுக்குள் போகவே அவருக்கு வெட்கமாக இருந்தது. அம்பிகை குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கீர்த்திகனோ கடைசியாப் போட்டது? பாதியில சத்தம் நிண்டிட்டுது."

அவர் தலையாட்டினார். பிறகு அவளுக்கு நேரே நின்று வாயைத் திறந்தார். உதடுகள் ஒட்டின, பிரிந்தன. மூச்சுத்தான் வந்தது. மறுபடியும் முயன்றார்.

அம்பிகை போய்க் காற்றாடியை நிறுத்தினாள். திரும்பி வந்து, தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, அவருடைய வாயருகே காதை வைத்துக்கொண்டு நின்றாள்.