சாக்கு அடைத்த சுவர்

"பத்துக் குழாய்லயும் சாக்கு அடைச்சது நீதான மேரி?"

"அடைச்சேனுங்க மேஸ்திரி. காங்கிரீட்டு உள்ள போவக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. பலகை பிரிச்சதும் உருவிரலாம்னும் நீங்கதான் சொன்னீங்க."

"உருவறதுக்குள்ள ஆபீசருங்க போட்டோ எடுக்க வந்துட்டாங்க. சும்மா பூசி வுடுய்யான்னாங்க. பூசி வுட்டுட்டேன்."

காளியண்ணன் மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். போன வருட மழையில் சரிந்த நாகலூர் ரோட்டைத் தாங்க, கோடையில் கட்டிய சுவர். மூன்று நாளாக விடாத மழை. ரோட்டுக்கடியில் ஊறிய தண்ணீர் குழாய்கள் வழியே வடிந்திருக்க வேண்டும். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. காலையில் நகக்கீறலாக இருந்த விரிசலில் இப்போது சாந்தாமேரியின் சுண்டுவிரல் நுழைந்தது. உள்ளே சில்லென்றிருந்தது. சட்டென்று விரலை இழுத்துக்கொண்டாள்.

"வெள்ளைக்காரன் பாலமாட்டம் நூறு வருசம் நிக்கும்னாரு பெரிய ஆபீசரு," என்றார் மேஸ்திரி.

"வெள்ளைக்காரன் சாக்கு வெச்சா கட்டுனான்?"

அவள் கடப்பாரையை எடுத்தாள். மேஸ்திரி அவள் கையைப் பிடித்தார். "இப்பக் குத்துனா மொத்தமா வந்துரும் மேரி. போயி ஆளுங்களக் கெளப்பு. நான் மேல போயி பஸ்ஸ நிறுத்தறேன்."

சுவருக்கு நேர்கீழே எஸ்டேட் லயத்தில் பன்னிரண்டு வீடுகள். கடைசி வீட்டில் அவள் கணவன் ஜேசுதாஸ், மிளகு ஏணியிலிருந்து விழுந்து, தொடைவரை மாவுக்கட்டோடு கிடந்தான்.

"மேல என்னமோ உருளுது மேரி. ஊட்டுக்குள்ள கேக்குது."

"கல்லு. பேசாம இரு."

நான்கு பேர் அவனைக் கட்டிலோடு தூக்கினார்கள். பிள்ளைகளும் பாத்திரங்களுமாக லயமே பின்னால் ஏறியது. எதிர்ப்பக்கம் பாறைமேல் இருந்த காப்பி குடோன் திறந்திருந்தது. வாசலில் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர், விரலில் சாவி வளையத்தோடு. அவருக்குப் பின்னால் மூட்டைகள், ஈரம் படாமல் பலகைமேல் வரிசையாக. சுவரோரம் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் கிடந்தது.

"மேனேஜரைக் கேக்கோணும். போன் எடுக்க மாட்டேங்கறாரு," என்றவர் கதவை இழுத்துச் சாத்தினார்.

கட்டிலின் கால்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னால், சுவர்ப் பக்கம் ஏதோ விண்டு விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"மூட்டையத் தொட மாட்டமுங்க," என்றாள் சாந்தாமேரி. "ஓரமா நின்னுக்கறம். மழை நிக்கற வரைக்கும் கதவ மட்டும் தெறந்து வையுங்க ரைட்டரே."