லென்ஸக்காவுக்குக் கிடைத்த சான்றுக் கடிதம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினான்கு வருடமாக லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு லென்ஸக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்கு ஓரம் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. லென்ஸ் ஃபிரேமுக்குள் இறங்கும்போது வரும் 'டக்' சத்தத்தை வைத்தே, சரியாக உட்கார்ந்ததா இல்லையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள்.

அந்த வருடம் கடையின் முன்பக்கத்தில், வருகிறவர்களுக்கு அளவெடுத்துக் கண்ணாடி பொருத்துகிற வேலை காலியானது. அதற்கு ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டும்.

"எழுதிடும்மா. உன்னை விட்டா யாரு?" என்றார் முதலாளி. வார்த்தைகளை எண்ணி எண்ணி வெளியே விடுகிற மனிதர். அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் இவ்வளவு வந்ததே அதிசயம்.

பரீட்சை முழுக்க இங்கிலீஷில் என்று தெரிந்ததும் லென்ஸக்கா பின்வாங்கப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள், அர்த்தம்தான் பிடிபடாது. கைகொடுத்தவள் நாத்தனார். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பழைய புத்தகக் கடையில் கிடந்த அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள்.

"அண்ணி, ஒவ்வொரு வார்த்தையா மனப்பாடம் பண்ணித் தலையை உடைச்சுக்க வேணாம். இங்கிலீஷ்ல பாதி வார்த்தைக்கு லத்தீன்ல வேர் இருக்காம். ஒரு வேரைப் பிடிச்சு இழுத்தா பத்து வார்த்தை கொத்தா வந்துடும்னு போட்டிருக்கு."

இழுத்துப் பார்த்தார்கள். முதல் வேர் 'ஸ்பெக்ட்'. பார் என்று அர்த்தம். ஸ்பெக்டகிள்ஸ் என்றால் பார்க்க உதவுவது.

"அடியே, இது எங்க கடைச் சாமானாச்சே!" என்று துள்ளினாள் லென்ஸக்கா. பிறகு மளமளவென்று வந்தன. இன்ஸ்பெக்ட் என்றால் உள்ளே பார்ப்பது. ரெஸ்பெக்ட் என்றால் திரும்பிப் பார்ப்பது. மதிப்பு இருந்தால்தானே திரும்பிப் பார்ப்போம்? சஸ்பெக்ட் என்றால் கீழ்க்கண்ணால் பார்ப்பது.

"உங்க அண்ணி கல்யாணத்துலேர்ந்து என்னை அப்படித்தான் பாக்குறா" என்றார் கணவர், சட்டைக்குப் பொத்தான் தேடிக்கொண்டே.

லென்ஸ் வரும் வெள்ளைக் காகித உறைகள் கடையில் குப்பையாகக் கிடக்கும். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். உறையின் மேல் வேர், உள்ளே துண்டுச் சீட்டுகளில் வார்த்தைகள். 'போர்ட்' உறையைக் கவிழ்த்தால் இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட், போர்ட்டர் என்று சுமக்கிற கூட்டமே கொட்டும். 'இன்' என்ற உறைதான் தகராறு பிடித்தது. சில இடத்தில் உள்ளே என்பான், சில இடத்தில் இல்லை என்பான். இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று புத்தகம் கைகழுவிவிட்டது.

இரண்டு மாதத்தில் அவளுக்குத் தைரியம் தலைக்கேறிவிட்டது. தெருவில் எந்தப் பலகையைப் பார்த்தாலும் நின்று பிரிக்க ஆரம்பித்தாள். பேருந்தைக் கூட இரண்டு முறை விட்டாள்.

பரீட்சை விண்ணப்பத்தோடு முதலாளியின் சான்றுக் கடிதமும் இணைக்க வேண்டியிருந்தது. ஒரு மாலை அவர் நாலே வரியில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். லென்ஸக்கா எந்திரத்தை நிறுத்திவிட்டு ஆசையாகப் படித்தாள். மூன்றாவது வரியில் அவளுடைய சர்வீஸ் 'இன்வேல்யுவபிள்' என்று இருந்தது.

பிரித்தாள். வேல்யு என்றால் மதிப்பு. முன்னால் இன். உள்ளே என்று வைத்துப் பார்த்தாள், ஒட்டவில்லை. இல்லை என்று வைத்தாள், கச்சிதமாக உட்கார்ந்தது. மதிப்பு இல்லாதது! இன்னொரு முறை பிரித்தாள். மாறவில்லை.

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"பதினாலு வருஷம்! ஒரு லென்ஸ் உடைச்சிருப்பேனா? மதிப்பில்லாத வேலைன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்காரு!"

கணவர் கடிதத்தை வாங்கிக் கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தார். இங்கிலீஷுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் பார்க்கப் பார்க்க அவருக்கு மூக்கு சிவந்தது. "காலையில நானும் வர்றேன்" என்றார்.

"நீங்க ஒண்ணும் வர வேணாம். என் சண்டையை நானே போட்டுக்கிறேன்."

மறுநாள் வேலை மேலங்கியைத் தொடாமல் நேரே முதலாளியின் மேஜைக்குப் போனாள். கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம் சார். இங்கிலீஷ்ல எழுதினா இவளுக்கு எங்க புரியப்போகுதுன்னு நினைச்சுட்டீங்க. நான் வேரோட பிரிச்சுட்டேன்!"

"எதைம்மா?"

"இன். வேல்யு. ஏபிள்."

அவர் கடிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பதினான்கு வருடத்தில் அவர் பல்லை லென்ஸக்கா அன்றுதான் முழுசாகப் பார்த்தாள்.

"ஏம்மா, விலைமதிப்பில்லாத வைரம்னு சொல்றோம். அப்போ வைரம் குப்பைன்னா அர்த்தம்?"

அவள் கடிதத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்தாள்.

"கடைசியில ஏபிள் இருக்கு பாரு. மதிப்புப் போட முடியும்னா வேல்யுவபிள். இன் சேர்ந்தா, போடவே முடியாது. அவ்வளவு பெருசு உன் வேலை. அதைத்தான் எழுதினேன்."

லென்ஸக்காவுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அதே நேரம் நெஞ்சுக்குள் ஏதோ பொங்கிக்கொண்டும் வந்தது. "அப்போ... நான் பிரிச்சது சரிதானே சார்?" என்றாள் மெல்ல.

"பிரிச்சது சரி. வாலை விட்டுட்டுப் பிரிச்சுட்டே."

அந்த நேரம் பார்த்துக் கதவு படாரென்று திறந்தது. சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டபடி கணவர் நின்றார். "எங்கே அந்த மதிப்பு தெரியாத மனுஷன்?"

"ஐயோ, சும்மா இருங்க! அது நல்ல வார்த்தையாம்!"

"நல்ல வார்த்தையா? நேத்து கெட்ட வார்த்தைன்னியே?"

மேஜை மேலிருந்த கடிதத்தை எடுத்து, பழையபடி கையை நீட்டி எட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கினார். முதலாளி அவரையே கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "உங்களுக்குக் கிட்ட வச்சுப் படிக்கக் கண்ணாடி வேணும், உக்காருங்க" என்றார். சண்டைக்கு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மடித்த சட்டைக் கையை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

பரீட்சையில் லென்ஸ் பற்றிய கேள்விகள் போக, எழுபது வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்டிருந்தார்கள். ஐம்பத்திரண்டுக்கு வேர் தெரிந்தது. எட்டை நிதானமாக, வால் வரைக்கும் பார்த்துப் பார்த்து ஊகித்தாள். மீதிக்கு எழுதியது ஊகம்கூட இல்லை, துணிச்சல்.

முடிவு வந்தபோது மதியம் மூன்றரை. லென்ஸக்கா முதலில் நாத்தனாரைத்தான் கைபேசியில் கூப்பிட்டாள். அவள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளி வாசலில் வேனோடு நின்றிருந்தாள்.

"நான் தேறிட்டேன்டி!"

மறுமுனையில் ஹாரன் நீளமாக அலறியது. "பிள்ளைங்களா, எங்க அண்ணி பாஸ்!" என்று நாத்தனார் கத்துவது கேட்டது. எந்த அண்ணி, எதில் பாஸ் என்று ஒன்றும் தெரியாமலே வேன் முழுக்கக் கைதட்டி ஊளையிட்டது. லென்ஸக்கா கைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அது அடங்குகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே நின்றாள்.