ஏழாம் நம்பர் பிரஸ்

பேய் பிசாசெல்லாம் சுத்தப் பொய் என்று கேன்டீனில் வாய் கிழியப் பேசுகிறவன் மணிவேல். ஆனால் அமாவாசை வந்துவிட்டால், ஓசூர் பஸ் ஏறுமுன் கெலமங்கலத்தில் எலுமிச்சம்பழம் வாங்காமல் இருக்கமாட்டான். கம்பெனியில் அன்றைக்கு எல்லோரும் அவரவர் மெஷினுக்கு ஒரு பழம் வைப்பார்கள். மணிவேல் தகடு அழுத்தும் ஏழாம் நம்பர் பிரஸ்ஸுக்கு ஒன்பது வைப்பான்.

காரணம் தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தான். அந்த பிரஸ்ஸின் அடிக்குழியில் இறங்கி எண்ணெய் துடைக்கிறவர், தன் பெயர் எழுதிய சிவப்பு டேக்கை சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். மாட்டியவரே வந்துதான் கழற்ற வேண்டும். பத்து மாதத்துக்கு முன்னால், ஷிஃப்ட் மாறுகிற அவசரத்தில், சுவிட்சில் கூட வேலை பார்த்த மோகன்குமாரின் டேக் தொங்கியது. பயல் கழற்ற மறந்து பஸ்ஸுக்கு ஓடிவிட்டான் என்று நினைத்து, மணிவேலே அதைக் கழற்றிச் சுவிட்சைப் போட்டான். மோகன்குமார் குழிக்குள்தான் இருந்தான். விசாரணையில், டேக்கே மாட்டவில்லை என்று மணிவேல் கூசாமல் சொன்னான். பழி செத்தவன் தலையில் விழுந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு அமாவாசையும் உச்சிவேளையில், கரண்ட் நிறுத்தியிருக்கும்போதே, அந்த பிரஸ் ஒருமுறை தானாக இறங்கியது. மெதுவாக, சத்தமே இல்லாமல். எலெக்ட்ரீஷியன்கள் பிரித்துப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. காலையில் வைத்த ஒன்பது பழமும் மதியத்துக்குள் ஓடாய்க் காய்ந்துபோகும். மணிவேல் பூசணிக்காய் உடைத்தான், சேவல் அறுத்தான், மொட்டை போட்டான். பிரஸ் இறங்குவது நிற்கவில்லை.

இந்த லட்சணத்தில், மோகன்குமாரின் மனைவி ஜோதிமணிக்கு அதே ஷெட்டில் வேலை கொடுத்தார்கள். பிரஸ்ஸுக்கு நேர் எதிரே, அதற்கு முதுகு காட்டி உட்காரும்படி செக்கிங் டேபிள். அமாவாசை மதியம் எல்லோரும் முன்கூட்டியே கேன்டீனுக்கு ஓடிவிடுவார்கள். அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள். மணிவேல் பழத்தைப் பார்க்க நிற்பான். இந்த முறை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“ஏம்மா ஜோதி, நீ மட்டும் பழம் வெக்கறதில்லையே?”

“எங்க சாமி கேக்கலீங்கண்ணா.”

“எல்லாச் சாமியும் நாம குடுத்தாத்தான் குடுக்கும். உங்க சாமியில மட்டும் அப்பிடி என்னா புதுசு?”

ஜோதிமணி கையிலிருந்த பீஸைக் கீழே வைத்தாள். “மத்ததப் பத்திப் பேச எனக்குத் தெரியாதுண்ணா. எங்களுக்கு, நாம எதையும் தூக்கிக்கினு அவருகிட்ட போகல. அவரே எறங்கி வந்தாரு. தப்பு செஞ்சது நாம, சிலுவையில அடிபட்டது அவரு. அதுலதான் நமக்கு மன்னிப்பு.”

“சும்மாவே மன்னிப்பா? நல்லா இருக்குது கத. கொலகாரனுக்கும் உண்டா?” மணிவேல் சிரித்தான். அவன் காதுக்கே அது நன்றாக இல்லை.

“உண்டு. ஆனா சும்மா இல்ல, வெல இருக்குது. தப்பு பண்ணவன் அதக் குடுக்கறதில்ல. அடிபட்டவரே குடுத்துட்டாரு.”

“அடிபட்டவன் எதுக்குக் குடுக்கணும்? பைத்தியமா?”

“நானும் மாசக்கணக்கா அதத்தான் கேட்டுக்கினு இருந்தேன்.”

மணி பன்னிரண்டு. அவள் முதுகுக்குப் பின்னால் பிரஸ் இறங்க ஆரம்பித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் உசுரோட இருந்தாருண்ணா. குழியிலேர்ந்து உங்க ஷூவப் பாத்தாராம். கூப்பிட்டாராம், உங்களுக்குக் கேக்கல. மணியண்ணன் தெரிஞ்சு பண்ணல, யார்கிட்டயும் சொல்லாதன்னாரு.”

மணிவேல் குனிந்து தன் ஷூவைப் பார்த்தான். “அப்ப உனக்கு…”

“இங்க வர்றதுக்கு முன்னயே தெரியும். உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து வயிறு எரிஞ்சிது. எல்லார் முன்னாடியும் சொல்லி நாறடிக்கணும்னு தெனமும் தோணும். இந்த மாசந்தான் மன்னிச்சேன். இன்னும் வலிக்குது. ஆனா மன்னிச்சிட்டேன்.”

“என்னிய ரெண்டு அறையாவது அறைம்மா. ஏதாவது கேளு. என்னா வேணும்னாலும் கேளு.”

“ஒண்ணும் வேணாம்ணா.”

அவள் அடுத்த பீஸை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தாள். பிரஸ்ஸுக்குக்கூட மணிவேல் இப்படிப் பயந்ததில்லை. இவள் ஏதாவது கேட்டிருந்தால் கொடுத்துத் தப்பித்திருப்பான். கேட்காதவளிடமிருந்து எப்படித் தப்பிப்பது?

வேலை போகும், போலீஸ் வரும், எல்லாம் தெரிந்தேதான் மேனேஜர் தமிழரசனின் அறைக் கதவைத் தள்ளினான்.

“என்ன மணி, சாப்பிடப் போகலையா?”

“சார், மோகன் டேக் மாட்டியிருந்தான். கழட்டுனது நான்.”