ஏற்றி ஓட்டத் தாங்கும் போர்டு

எடிட்டரின் கம்ப்யூட்டர் ஒரு ஆவணப்படத்தின் பாதி வேலையில் மண்டையைப் போட்டது. சில வாரங்களாகவே முக்கி முனகித்தான் ஓடிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தால் மதர்போர்டின் ஒரு மூலை கருகியிருந்தது. நல்லவேளையாக டிஸ்க் பிழைத்தது, படமும் தப்பியது.

"இதோட மாரடிச்சது போதும். புதுசா வாங்கிடுங்க" என்றாள் அவர் மனைவி.

கடையில் புராசசரை எடுப்பதில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை. வேகத்தைக் கூட்டிக்கொள்ள வழிவிடும், பூட்டில்லாத ரகத்தைக் கேட்டு வாங்கிவிட்டார். மதர்போர்டில்தான் மாட்டிக்கொண்டார். தரையிலிருந்து கூரை வரை பெட்டிகள்.

"என்ன வேலைக்கு சார்?" என்று கேட்டாள் விற்பனைப் பெண்.

"எடிட்டிங்குக்கு. கொஞ்சம் ஏத்தி ஓட்டணும். ஓவர்க்ளாக்."

அவள் மரியாதையாகச் சிரித்தாள். "இப்ப யாரு சார் அதெல்லாம் பண்றாங்க? புராசசரே தேவைக்குத் தானா ஏத்திக்கும், தானா இறக்கிக்கும்."

அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் கை கேட்கவில்லை. ஏற்ற அனுமதிக்கும் போர்டுகளில் இரண்டைப் பொறுக்கி மேசையில் வைத்துக்கொண்டார். ஒன்று உடம்பெல்லாம் விளக்கு வைத்தது. இன்னொன்று கருப்பாக, அழுதுவடிந்துகொண்டு இருந்தது. இதைத் தூக்கினால் அது சரியென்று பட்டது, அதைத் தூக்கினால் இது. மதர்போர்டை அவர் தனியாகத் தேர்ந்தெடுத்ததே இல்லை. அந்தக் காலத்தில் பக்கத்தில் சூடு இருந்தான்.

சூடு என்பது பட்டப்பெயர். எந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தாலும் விரலை உள்ளே விட்டு எவ்வளவு சுடுகிறது என்று தொட்டுப் பார்ப்பான், அதனால் ஒட்டிக்கொண்டது. மாடியறை ஒன்றில் இருவரும் சேர்ந்து குடியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர். பகலில் எடிட்டர் அதில் விளம்பரம் வெட்டுவார், சாயங்காலம் சூடு பொம்மைகளை அசைய வைப்பான். மலிவு விலைப் புராசசர் ஒன்றை அதன் வேகத்தைப் போல ஒன்றரை மடங்கில் ஓட்டலாம் என்று யாரோ காதில் போட, இருவருக்கும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஆனால் சாதாரண போர்டு அதற்கு இடம்கொடுக்காது. போர்டுக்குள் தகவல் ஓடுகிற 'பஸ்' வேகத்தையும் வோல்டேஜையும் நம் இஷ்டத்துக்கு மாற்ற விடுகிற போர்டு வேண்டும். கடை கடையாக ஏறி, போர்டைக் கேட்பதற்கு முன்னால் அதன் கையேட்டைக் கேட்டு, நின்றுகொண்டே படித்தார்கள்.

"பொண்ணு பார்க்க வந்தவங்ககூட இவ்வளவு கேள்வி கேக்க மாட்டாங்கப்பா" என்று ஒரு கடைக்காரர் நொந்துகொண்டார்.

கடைசியில் கிடைத்தது. பெட்டியின் பக்கவாட்டைக் கழற்றி, மேசை விசிறியை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பி வைத்து ஓட்டினார்கள். முந்நூறு மெகாஹெர்ட்ஸ் என்று காட்டவேண்டிய திரை நானூற்று ஐம்பது என்று காட்டியது. சூடு விரலை வைத்துப் பார்த்து, "தாங்குதுடா" என்றான். அந்த விசிறிக் காற்றும், தகரம் காய்கிற வாசனையும் எடிட்டருக்கு இன்றைக்கும் நினைத்த மாத்திரத்தில் வரும்.

தம்பியின் அறை குப்பையாகக் கிடக்கிறதா என்று பார்க்க வந்த சூடுவின் அக்காதான் பின்னால் எடிட்டரின் மனைவியானாள். கல்யாணத்தன்று சூடு வாய்நிறைய "மாமா" என்றான். மச்சினன் கிடைத்த சந்தோஷத்தில், நண்பன் ஒருவன் கைநழுவியது எடிட்டருக்கு உறைக்கச் சில நாள் ஆயிற்று.

பிறகு மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வெளியூர் வேலையிலிருந்து சூடு தாமதமாக வந்தான். "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று எல்லார் முன்னாலும் எடிட்டர் கேட்டுவிட்டார். அவனும் பதிலுக்கு நறுக்கென்று ஒன்று சொன்னான். மாமனார் போனார். அவரோடு சேர்ந்து இவர்கள் இருவருக்குள்ளும் இருந்த பேச்சும் போயிற்று. வருஷக்கணக்காக, இவன் சேதியை அவரிடமும் அவர் சேதியை இவனிடமும் மனைவி ஒருத்திதான் சுமந்துகொண்டிருந்தாள்.

எடிட்டர் கடையிலிருந்தே சூடுவுக்குப் போன் போட்டார். மறுமுனையில் மணி அடித்தபோது வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தார். எடுத்துவிட்டான்.

"மதர்போர்டு வாங்க வந்தேன்" என்றார், வேறெதுவும் தோன்றாமல். "ரெண்டு இருக்கு. எதை எடுக்கறதுன்னு தெரியல."

"ஏத்தணுமாடா?" என்றான் சூடு.

அந்த 'டா'வைக் கேட்டு எத்தனையோ காலம். "ஏத்தணும்."

"விளக்கைப் பார்த்து மயங்காத. புராசசருக்குக் கரன்ட் பிரிச்சுக் குடுக்கற இடத்துமேல ஒரு உலோகக் கட்டி இருக்கும். ஏத்தினா முதல்ல கொதிக்கறது அந்த இடம்தான். ரெண்டையும் பிரிச்சுத் தூக்கிப் பாரு."

விற்பனைப் பெண் பெருமூச்சோடு பிரித்துக் காட்டினாள். விளக்குப் போர்டில் மேலே பிளாஸ்டிக் மூடி, அடியில் பெயருக்கு ஒரு தகடு. கருப்பில் வரிவரியாக வெட்டிய கனத்த கட்டி.

"கருப்புதான் கனம்."

"போர்டைக் கிளப்பி விடற பயாஸ் கெட்டா வெளியிலிருந்தே திரும்பப் போட்டுக்கப் பின்பக்கம் பட்டன் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அதையே எடு. ஆனா நீயா எதையும் ஏத்தி வைக்காத. நான் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். தலை நரைத்திருந்தது, மூக்கில் கண்ணாடி. கதவைத் திறந்த அக்கா, "சூடு வந்தாச்சு. சொரணையும் கூட வந்திருக்கா?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது.

சாப்பாட்டு மேசையில் போர்டைப் பரப்பினார்கள். ஸ்குரூ தெரியவில்லை என்று ஒருவர் கண்ணாடியை மற்றவர் வாங்கி மாட்டிப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில..." என்று தொடங்கினார் எடிட்டர்.

"நானும்தான் பேசினேன். அந்த ஃபேன் ஒயரைப் பிடி" என்றான் சூடு. அவர் பிடித்துக்கொண்டார்.

முதல் தடவை ஆசைப்பட்டு ஏற்றினார்கள், திரை நின்றுவிட்டது. ஒரு படி இறக்கினார்கள், மறுபடி நின்றது. இன்னும் ஒரு படி இறக்கியதும் மத்தியானம்வரை அசையாமல் ஓடியது. அதற்குப் பிறகு வெட்டிய துண்டுகளை ஒரே படமாகக் கோக்கவிட்டால், ஏற்றாமல் ஓடியிருந்தால் ஆகும் நேரத்தைவிடச் சில நிமிஷம்தான் மிச்சம்.

"இதுக்கா இவ்வளவு பாடு?" என்றாள் மனைவி.

சூடு அதற்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அந்த ஆவணப்படத்தை முதலிலிருந்து போடச் சொன்னான். எடிட்டர் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் சூடு ஏதாவது குற்றம் சொல்லிக்கொண்டே வந்தான். அதில் பாதி நியாயமாகத்தான் இருந்தது.