பையர் பாஸ் செய்த நாய்

முனீஸின் இடது கையில் ஒரு நாய் இருந்தது. அதைச் சிங்கம் என்று அவன் ஒருவன்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

பதினாறு வயதில், சாத்தூர் பக்கம் ஒரு கோயில் பொங்கலுக்குப் போன இடத்தில் குத்திக்கொண்ட பச்சை அது. பச்சை குத்துகிறவர் விரித்துவைத்திருந்த அட்டையில் மயில், தேள், வேல், காதலிகளின் முதலெழுத்து எல்லாவற்றையும் தாண்டி அவன் விரல் சிங்கத்தின்மேல் போய் நின்றது. முகம், உடம்பு, வால் வரைக்கும் மெஷின் நன்றாகத்தான் ஓடியது. பிடரிக்கு வரும்போது பேட்டரி இறங்கிவிட்டது. "நாளைக்கு வா தம்பி, மிச்சத்தைப் போட்டுருவோம்" என்றார். மறுநாள் போனால், ராட்டினக்காரனோடும் சவ்வுமிட்டாய்க்காரனோடும் சேர்ந்து அவரும் ஊரைவிட்டுப் போயிருந்தார். பிடரி இல்லாத சிங்கம் என்னவாகும்? ஒரு காது சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, சோறு கொண்டுவருகிறேன் என்று யாரோ சொல்லிவிட்டுப் போனதை இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் நாயாகும்.

ஊரில் இருந்தவரை அதனால் பெரிய மோசமில்லை. திருப்பூருக்கு வந்து, பெருமாநல்லூர் ரோட்டில் பொன்னுச்சாமியின் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தபிறகுதான் வினை பிடித்தது. டெய்லர்கள் தைத்துத் தள்ளும் பீசில் கோணல், ஓட்டை, எண்ணெய்க் கறை பார்த்துத் திருப்பி அனுப்புவது அவன் வேலை. திருப்பி அனுப்பும்போதெல்லாம் ஓவர்லாக் மெஷினிலிருந்து மூக்கையா குரல் கொடுப்பான்.

"மாப்ள, மொதல்ல ஒங் கைய ஆல்டர் பண்ணு. அப்புறம் எம் பீசுக்கு வா."

லைன் முழுக்கச் சிரிக்கும். சூப்பர்வைசரும் சிரிப்பார். சிரித்த கையோடு பீசை வாங்கி, பாஸான பீஸ்களோடு சேர்த்துவிடுவார். அந்த வருஷம் முனீஸ் வேண்டாமென்ற பீசில் பாதி, சிரிப்பிலேயே பாஸாகிப் போனது. ஒரு செக்கருக்கு அவன் சொல் நிற்க வேண்டும். அவன் சொல் எழும்போதெல்லாம் கையிலிருந்த நாய் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வேல்விழியைப் பற்றிப் பிரிண்டிங் செக்ஷனில்தான் கேள்விப்பட்டான். பிரிண்டிங் யூனிட் ஒன்றில் டிசைனராக இருந்தவள். பெங்களூர் போய் டாட்டூ கற்றுக்கொண்டு, சொந்த மெஷினோடு திரும்பி வந்திருந்தாள். அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறைக்கு மேலே ஒற்றை அறை. போர்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஞாயிறுக்கு ஒரே ஒரு ஆள். மிஸ்டு கால் கொடுத்தால் சாயங்காலம் அவளே கூப்பிடுவாள்.

முனீஸ் மூன்று மிஸ்டு கால் கொடுத்தான்.

"ஒண்ணு குடுத்தாப் போதுங்க" என்றாள் வேல்விழி. "ஜூன் பதினஞ்சு ஒண்ணுதான் காலி. இருபதாம் தேதி நான் பெங்களூர் போறேன், அங்கயே இருந்துடுவேன். அந்த ஞாயிறு விட்டா இல்ல. அதுக்கு முன்னாடி ஒருதரம் வந்து கையக் காட்டுங்க."

போய்க் காட்டினான். கீழே பட்டறையில் டங் டங்கென்று பித்தளையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை என்பதை முனீஸ் முதலில் கவனித்தான்.

"பிடரி மட்டும் போட்டுவிட்டாப் போதும்" என்றான்.

"பிடரி போட்டா, கல்யாண மாலை போட்ட நாயா இருக்கும். இதுக்கு மேல முழுசா வேற சிங்கம் போடணும்."

"துவைச்சா சாயம் எறங்குமா?"

"எறங்காது."

"சுருங்குமா?"

"நீங்க சுருங்கினாச் சுருங்கும்." அவளும் பிரிண்டிங் யூனிட்டில் வளர்ந்தவள்தானே.

கிளம்பும்போது ஒரு தாள் கொடுத்தாள். தினமும் அந்த இடத்தில் எண்ணெய் தேய்க்கணும். இரண்டு நாளுக்கு முன்பிருந்தே குடிக்கக் கூடாது. நல்லாத் தூங்கணும், வெறும் வயிற்றோடு வரக் கூடாது, கூட்டம் கூட்டிக்கொண்டு வரக் கூடாது. படம் பார்த்துச் சரி என்று சொன்னபிறகு மாற்றக் கூடாது.

முனீஸ் அந்தத் தாளை எக்ஸ்போர்ட் ஆர்டரைப் போலப் பாவித்தான். தேதி வாரியாகப் பிளான் போட்டு அறைச் சுவரில் ஒட்டினான். காங்கேயத்துச் செக்கு எண்ணெய் அரை லிட்டர் வாங்கி, காலையும் மாலையும் முழங்கை வழிய வழியத் தேய்த்தான். நான்காம் நாள் செக்கிங் டேபிளில் பதினோரு பீசில் எண்ணெய்க் கறை. பதினொன்றும் அவன் கை பட்டவை. தன் வேலையைத் தானே ரிஜெக்ட் செய்து எழுதிவைத்தான். அந்த வருஷத்தில் யாரும் மறுக்காத ரிஜெக்ட் அது ஒன்றுதான்.

அதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. ஆனால் முனீஸ் செக்கர். மாதிரி பார்க்காமல் அவன் மனம் ஒப்பாது. பிரிண்ட் போடும் எந்த ஆர்டருக்கும் முதலில் ஒரு துண்டுத் துணியில் அடித்துப் பார்ப்பார்களே, அப்படித் தன் கைக்கும் அடித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஒப்பிட்டுப் பார்க்க, டிரேசிங் தாளைக் கையில் வைத்து நாயைப் படியெடுத்தான். பக்கத்தில் வேல்விழி வரைந்து அனுப்பியிருந்த சிங்கம். பிரிண்டிங்காரர்கள் அவன் கையைப் பார்த்துப் பார்த்துப் பச்சையைக் கலக்கி, இரண்டையும் அடித்துக் கொடுத்தார்கள். சட்டைக் கை மாதிரித் தைத்து மாட்டிப் பார்த்தான். கையை மடக்கினால் சிங்கம் கர்ஜித்தது. நீட்டினால் அடங்கியது. கண்ணில் நீர் வராத குறை. காயட்டும் என்று டேபிளில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனான்.

திரும்பி வந்தபோது டேபிள் துடைத்தாற்போல இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளோடு பேசி மாதிரி அனுப்புகிற மெர்ச்சண்டைசர் முபாஷிர், பூ, கார் என்று அங்கே கிடந்த துணியெல்லாம் குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கான மாதிரி என்று நினைத்து, வாரிக் கட்டி டென்மார்க்குக்குக் கூரியர் போட்டிருந்தான்.

ஒன்பதாம் நாள் மெயில் வந்தது. முபாஷிர் அதைப் பொன்னுச்சாமியின் அறையில் தமிழாக்கி வாசித்தான். "பூவும் காரும் வேண்டாம். சிங்கம் வேண்டாம், அது எல்லாரிடமும் இருக்கிறது. அந்த நாய் வேண்டும். அப்படியொரு நம்பிக்கையுள்ள சோகத்தை நாங்கள் எங்கேயும் பார்த்ததில்லை. ஒரு கோடுகூட மாற்றாதீர்கள். நிறம் அதே நிறமாக இருக்கட்டும். பதினெட்டாயிரம் பீஸ்."

"ஆருங்க அந்த நாயை வரைஞ்ச புண்ணியவான்?" என்றார் பொன்னுச்சாமி. திட்டினால்கூட 'ங்க' போட்டுத் திட்டுகிற மனுஷர் அவர்.

முனீஸைக் கூட்டிவந்து சட்டைக் கையைச் சுருட்டினார்கள். பொன்னுச்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"அட, உசுரோட இருக்குதுங்க!"

சரக்கு வாங்கும் பையர் ஒத்துக்கொண்ட மாதிரியைக் கவரில் போட்டு, சீல் வைத்து, பீரோவில் பூட்டிவைப்பது வழக்கம். சரக்கு கப்பல் ஏறும்வரை அதில் ஒரு நூல் மாறக் கூடாது. இந்த ஆர்டருக்கோ துணி டென்மார்க்கில் இருந்தது. டிரேசிங் தாளில் யாரோ போண்டா மடித்துவிட்டார்கள். பச்சையைக் கண்ணளவில் கலக்கியதால் அளவும் எழுதிவைக்கவில்லை. மிச்சமிருந்தது முனீஸின் கை ஒன்றுதான். முனீஸைக் கவரில் போட்டுச் சீல் வைக்க முடியாததால், பொன்னுச்சாமி அவனை ஏசி அறையில் உட்காரவைத்தார்.

"ஷிப்மென்ட் இருபத்தெட்டுங்க. அதுவரைக்கும் கையில வெயில் படக் கூடாதுங்க, கண்ணு."

"மொதலாளி, எனக்குப் பதினஞ்சாந்தேதி..."

"என்ன விசேசமானாலும் தள்ளி வெச்சுக்குங்க."

தள்ளிவைக்க முடியாத ஒரே தேதி அதுதான் என்பதை எப்படிச் சொல்வது? இருபதாம் தேதி வேல்விழி போய்விடுவாள். பிறகு நாய் நிரந்தரம். கலர் பார்க்கும் லைட் பெட்டிக்குள் முனீஸ் தினம் இரண்டுதரம் கையை நீட்டினான். அதன் பக்கத்தில் துணியை வைத்து, பச்சை சேர்ந்திருக்கிறதா என்று ஆளாளுக்குப் பார்த்தார்கள். முதல் லாட்டுக்கு நான்குதரம் நிறம் தவறியது. ஒவ்வொருதரமும் மற்றவர்களுக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவனை யாரும் கேட்கவில்லை, அவன் கையைத்தான் கேட்டார்கள்.

"மாப்ள," என்றான் மூக்கையா டீ நேரத்தில், "ஒன் நாயி கப்பல்ல போகுது. நீ இன்னும் பஸ்லதான் வாற. இனிமே எம் பீசப் பத்திப் பேசுவியா? வெள்ளக்காரனே ஒங் கோணல பாஸ் பண்ணிட்டான்!"

அன்றைக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. முனீஸ் தீர்மானித்தது அப்போதுதான்.

ஞாயிறு காலை எட்டு இட்லி, ஒரு வடை. வெறும் வயிற்றோடு வரக் கூடாதே. யாரிடமும் சொல்லாமல் அனுப்பர்பாளையம் பஸ் ஏறினான். வேல்விழி கையை மழித்து, துடைத்து, நாயின் மேலாகச் சிங்கத்தின் ஊதாக் கோட்டை ஒற்றி எடுத்தாள். புது ஊசியைக் கவர் பிரித்துக் காட்டினாள்.

மாடிப்படியில் மூச்சிரைப்புக் கேட்டது. வெள்ளைச் சட்டை நனைந்து, சட்டைப்பையில் துண்டுத் துணிகள் துருத்த, பொன்னுச்சாமி நின்றார். மூன்றாவது லாட்டுக்குக் கை தேவைப்பட்டு அவன் அறைக்கே போயிருக்கிறார். சுவரில் ஒட்டியிருந்த பிளானில் விலாசம் கொட்டை எழுத்தில் இருந்தது.

"அம்மிணி! அந்த நாயைத் தொட்டுப்போடாதீங்க!"

வேல்விழி மெஷினைக் கீழே வைக்கவில்லை. "கை யாருதுங்க?"

பொன்னுச்சாமி நியாயஸ்தர். யோசித்தார். "கை அவருதுங்க. நாய் கம்பெனியோடதுங்க."

"நாயை விட்டுட்டுக் கையை மட்டும் எப்படிங்க கூட்டிட்டு வர்றது?"

"பதிமூணு நாளுங்க, அம்மிணி. அதுவரைக்கும் உட்டுப்போடுங்க."

"நான் இருக்க மாட்டேங்க."

இருவரும் முனீஸைப் பார்த்தார்கள். வேலை போனாலும் போகலாம். இருந்தாலும், பதினெட்டாயிரம் பிள்ளைகள் நெஞ்சில் அந்த நாய் ஓடப்போகிறது. ஒரு கையிலிருந்தாவது அது இறங்கட்டும்.

"மொதலாளி, ஒங்களுக்குக் கை எதுக்கு? பச்சை சேருதான்னு பாக்கத்தான? அத நான் சொல்லுதேன். எட்டு வருசமா வேற எதையும் நான் இந்த அளவுக்குப் பாத்ததில்ல."

பொன்னுச்சாமி நம்பவில்லை. வேல்விழி ஒரு துண்டை எடுத்து அவன் கையை மூடினாள். "இப்பக் கேளுங்க."

சட்டைப்பையிலிருந்து மூன்று துணி வெளியே வந்தது. முனீஸ் ஜன்னலுக்குப் போனான். வெளிச்சத்தில் ஒவ்வொன்றாய்ப் பிடித்துப் பார்த்தான்.

"மூணும் இல்ல."

"மூணுமாங்க? நடுவுல இருக்கறது அச்சு அசலுங்களே!"

"மொத துணியில நீலம் ஏறிக்கிடக்கு. மூணாவது செத்த பச்சை. நடுவுல இருக்கதுக்கு மஞ்சள் ஒரு சொட்டுக் காணாது. மூணும் ரிஜெக்ட் மொதலாளி."

துண்டை எடுத்தார்கள். ஊதாக் கோடுகளுக்கு இடையே பச்சை தெரிந்த இடத்தில் பொன்னுச்சாமி நடுத்துணியை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி வைத்தார். வேல்விழியும் குனிந்தாள்.

"மஞ்சள்தாங்க" என்றாள்.

பொன்னுச்சாமி செல்போனை எடுத்துப் பிரிண்டிங் செக்ஷனைக் கூப்பிட்டார்.

"நடுத்துணிக்கு மஞ்சள் ஒரு சொட்டு ஏத்துங்க... நான் சொல்லலீங்க, முனீஸ் சொல்றாருங்க. இனி இந்த ஆர்டருல அவுரு வேண்டாம்னா வேண்டாந்தானுங்க. சூப்பர்வைசர்கிட்டயும் சொல்லிப்போடுங்க. ஆரும் பல்லைக் காட்டிட்டு பாஸ் பண்ண வேண்டாம்."

முனீஸ் நாற்காலியில் உட்கார்ந்தான். மெஷின் வண்டு மாதிரி முரலத் தொடங்கியது. அதுவரை இருந்த வீரம் எங்கேயோ போய்விட, வலது கையால் துழாவினான். அகப்பட்டது முதலாளியின் கை. பிடித்துக்கொண்டான். பொன்னுச்சாமி உதறவில்லை. ஆனால் பார்க்க மாட்டாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எது போகுதுங்க, அம்மிணி?"

"காதுங்க."

"ஐயோ, சாஞ்ச காதா?"

"ஆமாங்க."

"டென்மார்க்காரன் உசுரை வெச்சிருந்த காதுங்களே..." அவர் கை நடுங்கியது. முனீஸுக்கு வலியோடு சிரிப்பும் வந்தது.

"ரெண்டு பேரும் ஆடாதீங்க" என்றாள் வேல்விழி. "கோடு கோணிக்கும்."