பேனா கக்கிய மரு

போட்டோ ஸ்டூடியோவில் இருந்த பேனா ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வாந்தி எடுத்தது. அது மைப்பேனா அல்ல. கம்ப்யூட்டரோடு ஒயரில் இணைந்த கறுப்புப் பலகை ஒன்று உண்டு, அதன்மேல் தேய்த்தால் கோடு திரையில் விழும். அந்தப் பலகைக்கு உரிய பிளாஸ்டிக் பேனா. உள்ளே மையும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. அப்படிப்பட்ட பேனாவிலிருந்து முதலில் ஒரு மச்சம் விழுந்தது, பின்னால் ஏழெட்டுப் பருக்கள் சீழோடு விழுந்தன, அதன்பின் யாருடையதோ மூக்குமுடி. திங்கட்கிழமை திறந்த போன வாரத்து டிபன் பாக்ஸ் போல அறை முழுக்க ஒரு வாடை. பேனாவைத் திருகித் திறந்த ரிப்பேர்காரர் அதை மேஜையில் வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "இது கேரண்டில வராதுங்க" என்றார்.

அந்தப் பேனாவைப் பதினோரு வருஷமாகப் பிடித்து வந்தவளை ஊரே ரப்பர் என்றுதான் கூப்பிடும். அருவருப்பு அவளோடு கூடவே பிறந்தது. பஸ் கம்பியைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பாள். அடுத்தவர் வாய் வைத்த டம்ளரைக் கண்டால் அன்றைக்குத் தண்ணீரே வேண்டாம் என்பாள். ஸ்டூடியோ அவளுடைய மாமாவுடையது, அதாவது அம்மாவின் தம்பியுடையது. இவள் முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் அவர் இவளை வேலைக்கு வைத்துக்கொண்டார். நினைத்தது வீண்போகவில்லை. பரு, தழும்பு, கருவளையம், பல் கறை, இரட்டை நாடி என்று எது கண்ணில் பட்டாலும், வாடிக்கையாளர் வாயைத் திறக்கும் முன்பே அழித்துவிடுவாள். அழித்ததெல்லாம் எங்கே போகிறது என்று அவளும் யோசித்ததில்லை, வேறு யாரும் கேட்டதில்லை.

நாலு வருஷத்துக்கு முன் அம்மா இறந்தபோதும் அவள் அதையேதான் செய்தாள். அம்மாவின் மோவாயில் இடது பக்கம் பட்டாணி அளவில் ஒரு மரு. அதில் இரண்டு முடி, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. பள்ளிக்கூட நாட்களில் அம்மா பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் இவளுக்கு மானமே போய்விடும். அம்மா கேமராவைக் கண்டாலே கையால் வாயைப் பொத்திக்கொள்வாள், அதனால் மிஞ்சியது ஒரே ஒரு படம். அதில் இருந்த மருவை இவள் ஒரே இழுப்பில் துடைத்து, பழைய படத்தின் மேலேயே சேமித்து, பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினாள். மாமா பார்த்துவிட்டு, "அக்கா சினிமாக்காரி மாதிரி இருக்கா" என்றார். அப்பா மட்டும் படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு? நம்ம வீட்ல எதுக்கு மாட்டியிருக்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து வாசல் பக்கம் நாற்காலி போட்டு, மனைவி எங்கோ போயிருப்பதாகவும் வந்துவிடுவாள் என்றும் காத்திருக்க ஆரம்பித்தார். தட்டில் வைப்பதில் பாதியைத்தான் சாப்பிடுவார், மறுபாதியை அவளுக்கென்று மூடி வைப்பார். சாயங்காலம் அது ஊசிப்போய் நூல்விடும், இவள் மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டுவாள். வர வரப் பாதியும் கால்வாசியானது. அப்பாவின் சட்டைக்குள் ஆள் இருக்கிறதா என்று தேட வேண்டிய நிலை. டாக்டர் மறதிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார், மூன்றாவது தடவை போனபோது எடை பார்த்துவிட்டு, இப்படியே போனால் இரண்டு மாதம் தாங்குவது கஷ்டம் என்று சொல்லி அனுப்பினார்.

டாக்டரிடமிருந்து திரும்பிய அன்று மத்தியானம் அப்பா படத்துக்கு எதிரில் நின்று, தன் மோவாயைத் தொட்டுக் காட்டி, "அவளுக்கு இங்க ஒண்ணு இருக்கும்" என்றார். ரப்பர் அப்போதே ஸ்டூடியோவுக்குப் போய்ப் படத்தைத் திறந்து மருவை வரைய உட்கார்ந்தாள். பேனா மோவாய்க்கு வெளியே நன்றாக எழுதியது. மோவாய்க்கு வந்ததும் கோடு விட்டு விட்டு விழுந்து, நடுங்கி, நின்றே போனது. ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். மென்பொருளை அழித்துத் திரும்ப ஏற்றினாள். தேய்ந்த முனையைப் பேனாவோடு வந்த சின்ன வளையத்தால் இழுத்து எறிந்துவிட்டுப் புதிய முனை போட்டாள். கம்பெனி உதவி எண்ணில் பேசிய பெண், பக்கத்தில் இரும்புச் சாமான் இருக்கிறதா என்று கேட்டாள், அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னாள், திருப்தியா என்று மதிப்பெண்ணும் கேட்டாள். மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது. நாலாம் நாள்தான் ரிப்பேர்காரர் வந்து, பேனாவைக் காதருகே ஆட்டிப் பார்த்து, "உள்ள என்னமோ அடைச்சிருக்கு" என்று திருகினார்.

ஒரு வாளி, பிறகு இரண்டு வாளி, பிறகு மாமா பின்கட்டிலிருந்து டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார். பேனா கடைசியாக விழுங்கியதை முதலில் கக்கியது. போன மாதத்துப் பருக்களுக்குப் பின்னால் போன வருஷத்துத் தொப்பைகள், கருவளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வளையல் வளையலாக, இரட்டை நாடிகள் பிசைந்து வைத்த மாவாக. மாமா கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு, "கருமம், எல்லாத்தையும் சாக்கடைல கொட்டு" என்றார். துப்புரவுக்காரர் எட்டிப் பார்த்து, இது ஈரக் குப்பையா, காய்ந்த குப்பையா என்று தெரியாமல் எடுக்க மாட்டேன் என்று போய்விட்டார். ரப்பர் இரண்டு ஜோடி கையுறையைப் போட்டுக்கொண்டு டிரம்மின் முன் உட்கார்ந்தாள். ஊரார் உடம்பில் வேண்டாம் என்று வழித்த அத்தனை கண்றாவியையும் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து, சீ, சீ என்று முனகிக்கொண்டே தட்டில் போட்டாள். இரண்டு தடவை எழுந்து போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தாள். வியாழக்கிழமை, நாலு வருஷத்துக்கு முந்தைய அடுக்கில், ஒரு கல்லூரிப் பையனின் பருக்களுக்கு அடியில் அது கிடந்தது. ஒரு முடி கறுப்பு, ஒரு முடி வெள்ளை. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது, அதுதான் அவளுக்கு ரொம்பவும் குமட்டியது.

காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். எப்படி ஒட்டுவது என்று தெரியாமல் படத்தின் கண்ணாடி அருகே சாமணத்தை நீட்டினாள். மரு நத்தை போல நகர்ந்து, கண்ணாடிக்குள் கீறல் இல்லாமல் புகுந்து, மோவாயின் இடது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்பா வாசலிலிருந்து எழுந்து வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இவதான்" என்றார். "எப்ப செத்தா?"

"நாலு வருஷம் ஆச்சுப்பா."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன்ப்பா. நான்தான் அம்மாவ யாரோ மாதிரி ஆக்கிட்டேன். பாக்க அசிங்கமா இருக்குன்னு எடுத்துட்டேன்."

அப்பா நாற்காலியைப் படத்துக்கு எதிரே இழுத்துப் போட்டு, நாலு வருஷத்து அழுகையை அந்த ஒரு மத்தியானத்தில் அழுது முடித்தார். பிறகு தட்டைக் கொண்டுவரச் சொல்லி முழுவதையும் சாப்பிட்டார். உப்பு கம்மி என்றார்.

பேனா இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது. எதையும் விழுங்குவதில்லை, அவ்வளவுதான். அழித்தது அப்படியே முனை வழியாகக் கீழே உள்ள தட்டில் விழுகிறது, அதைச் சின்னக் கவரில் போட்டுப் படத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். பாதிப் பேர் கவரை ஸ்டூடியோ படிக்கட்டிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள், துப்புரவுக்காரர் வாரியலும் கையுமாகத் திட்டித் தீர்க்கிறார். கூடத்துப் படத்தில் மருவின் முடி இரண்டும் வளர்கின்றன, கண்ணாடியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொள்கின்றன. மாதத்தில் முதல் ஞாயிறு ரப்பர் படத்தை இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நகக் கத்தரிக்கோலால் நறுக்குகிறாள். அருவருப்பு ஒரு துளி குறையவில்லை. நறுக்கிவிட்டு இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாள். "ரொம்ப ஒட்ட வெட்டாதம்மா, அவளுக்கு எரியும்" என்று அப்பா நாற்காலியிலிருந்து சொல்வார். அவள் ஒட்ட வெட்டுவதில்லை.