ரசாக் பாயின் ஒரு முழம்

மாலை ஐந்தே முக்காலுக்கே கல்லூரி ஆய்வகத்துக்குப் போய்விட்டேன். ஏழு மணிக்கு எங்கள் செயல்விளக்கம். "ஒளியை முந்தும் துடிப்பு: லோகப்பிரியா, நிதீஷ்" என்று நிதீஷ் பலகையில் எழுதி ஒரு வாரமாகிறது. முந்தவில்லை என்றால் பலகையை அழித்துவிட்டு வேறு தலைப்பு எடுக்கவேண்டும் என்று கீதா மேடம் சொல்லிவிட்டார். எங்களுடைய இரண்டு மாத மாலைகளும் வீண்.

செய்முறை எளியது. இரண்டு வகைக் கேபிளை ஐந்தைந்து மீட்டராக, மாற்றி மாற்றி, இருபத்துநான்கு துண்டு கோக்க வேண்டும். ஒளியின் உறவுக்கார அலையான மின்துடிப்பை அனுப்பினால், ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதன் உச்சி அவசரமாக மறுமுனைக்கு வந்துவிடும். அந்த 120 மீட்டரைக் கடக்க ஒளிக்கு 400 நானோநொடி போதும். எங்கள் உச்சிக்கு 420 ஆனது.

மூன்று முறை பார்த்தேன். 420. பத்து மெகாஹெர்ட்ஸில் வரவேண்டிய விளைவும் ஒன்பதில் வந்தது. இரண்டையும் என் தவறு என்றே நோட்டில் குறித்தேன்.

நிதீஷ் கேபிள் வாங்கிய காந்திபுரம் கடைக்கு போன் போட்டான். "ஏனுங்க ரசாக் பாய், கேபிள் டூப்ளிகேட்டுங்களா? நத்தையாட்டப் போகுது!"

"யாருகிட்ட கண்ணு பேசற? முனை சீவறதுக்கு வேணுமேன்னு பீசுக்கு ஒரு முழம் கொசுறு சேத்தி வெட்டிக் குடுத்துப்போட்டேன். டூப்ளிகேட்டாமா!"

நாங்கள் சீவியதோ விரலகலம். கடைச் சீட்டில் எழுதியிருந்த "5 மீ" என்பதை நம்பி நான் அளக்கவே இல்லை!

டேப்பை எடுத்தோம். தரையில் மண்டியிட்டு இருபத்துநான்கு துண்டையும் அளந்தோம். மொத்தம் 130 மீட்டர் 80 சென்டிமீட்டர். அதற்கு ஒளிக்கே 436 நானோநொடி வேண்டும். துண்டு நீண்டால் அதிர்வெண் இறங்கத்தான் செய்யும்; ஒன்பதும் சரி.

"முந்திருச்சு அம்மணி!" நிதீஷ் ஸ்டூல்மேல் ஏறி நின்றான். எனக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்தது. விக்கலோடு இன்னொரு முறை கூட்டிப்பார்த்தேன்.

ஏழு மணிக்கு மேடம் கேட்டார்: "அப்ப சேதி அனுப்புனா, ஒளிக்கு முன்னாடியே போயிருமா?"

"போகாதுங்க மேடம். உச்சி மட்டும்தானுங்க முந்துது. துடிப்போட முதல் நுனி ஒளியை முந்தறதில்லீங்க" என்றேன்.

"அப்ப பலகையில துடிப்புக்குப் பக்கத்துல உச்சின்னு சேர்த்துப்போடுங்க. அழிக்க வேண்டாம்."

நிதீஷ் உடனே போனை எடுத்தான். "பாய், உங்க முழத்துனால வெளிச்சத்தையே தோக்கடிச்சுப்போட்டோமுங்க!"

"அப்படியா கண்ணு? அடுத்த தடவை ரெண்டு முழமா வெட்டிப்போடறேன்!"

"வேண்டாமுங்க பாய்!" என்று நான் கத்தினேன். "அளந்தே குடுங்க!"